மின்சாரக் காரும் எர்த் குழியும்: மாகறல் கடையில் நாங்கள் கற்ற பாடம்



சரக்கு விலை, வரி, லைசென்ஸ், வாடகை என்று நம் தொழிலுக்கு வேண்டிய விஷயங்களை இந்த இதழில் பலரும் எழுதி வருகிறார்கள். இந்த முறை ஒரு வண்டியைப் பற்றியும், அந்த வண்டிக்குக் கரண்ட் ஏற்றும் பிளக்கைப் பற்றியும் எழுதுகிறோம். வண்டி வாங்கிய பெருமையைச் சொல்வதற்காக அல்ல. முந்நூறு ரூபாய் வேலையில் திருப்திப்பட்டு, ஒரு உயிரை இழக்க இருந்தோம். அந்தத் தவறை மற்ற வணிகர்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே எழுத உட்கார்ந்தோம்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீசர் கோயில் உள்ள ஊர் என்றால் வெளியூர் நண்பர்களுக்கும் புரியும். எங்கள் மொத்த மளிகை வியாபாரம் இங்கேதான். தந்தையார் காலத்தில் மாட்டு வண்டியில் சரக்கு போயிற்று. பிறகு சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டினோம், அதன் பிறகு டெம்போ வந்தது. சுற்று வட்டாரத்துச் சில்லறைக் கடைகளுக்குச் சென்று ஆர்டர் எடுப்பதும் பாக்கி வசூலிப்பதும் இன்றும் நாங்கள் நேரில் செய்கிற வேலை. பெருநகர், மானாம்பதி, உத்திரமேரூர், சாலவாக்கம் என்று நாளுக்கு ஒரு லைன். சராசரியாக அறுபது கிலோமீட்டர் ஓட்டம்.

கணக்குப் போட்டு வாங்கிய கார்

2023 ஆம் ஆண்டு ஆவணியில், பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் எடுக்கலாம் என்று மகன் சொன்னபோது, எங்களுக்கு நம்பிக்கை இல்லை. "செல்போனே சாயங்காலத்துக்குள் செத்துப்போகிறது, கார் எப்படி ஓடும்?" என்று கேட்டோம். மகன் பேசவில்லை, கணக்கு நோட்டை எடுத்து எழுதிக் காட்டினான்.

அந்தக் கணக்கை அப்படியே தருகிறோம். காரின் பேட்டரி ஏறத்தாழ 25 யூனிட் கொள்ளும். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாவதால், முழுதாக நிரம்ப மீட்டரில் 28 யூனிட் வரை ஓடும். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 224 ரூபாய். நம் கிராமச் சாலையில் ஏ.சி. போட்டு ஓட்டினாலும் 180 கிலோமீட்டர் வருகிறது. அதாவது கிலோமீட்டருக்கு ஒன்றே கால் ரூபாய். பழைய காரில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல். நாளைக்கு அறுபது கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால் எட்டாயிரம் ரூபாய் மிச்சம்.

வரியிலும் சலுகை உண்டு. மின்சார வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி.யை 2019 ஆகஸ்ட் 1 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். கரண்டுக்கென்று தனி பங்கு தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. கணக்கு சரியாக இருந்தது, வாங்கிவிட்டோம்.

இது புதுச் சரக்கு அல்ல

மின்சாரக் கார் நேற்று வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் 1993 இலேயே ஒன்று வந்தது. 'லவ்பேர்டு' என்று பெயர். கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் தொழில் நடத்திய எட்டி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு செய்த இரண்டு இருக்கைக் கார். அந்த ஆண்டு டில்லி வாகனக் கண்காட்சியில் வைத்தார்கள். ஈய பேட்டரிதான். எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டால் அறுபது கிலோமீட்டர் ஓடும். மிகச் சில வண்டிகளே விற்றன. சார்ஜ் போட நம்பகமான கரண்டும் அப்போது கிடையாது, மேட்டில் ஏறவும் திணறியது. பிறகு 2001 இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது.

இன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தயாராகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையில் 2019 இல் 'கோனா' மின்சாரக் காரைப் பொருத்தி விற்றார்கள். 2025 ஜனவரியில் 'கிரெட்டா' மின்சாரக் காரும் அங்கிருந்து வெளிவந்தது. பேட்டரியும் ஈயத்திலிருந்து லித்தியத்துக்கு மாறிவிட்டது.

வண்டி முப்பது ஆண்டில் எவ்வளவோ முன்னேறிவிட்டது. அதைச் செருகுகிற நம் வீட்டு வயரிங் மட்டும் தந்தையார் காலத்து வயரிங். எங்கள் கதை இங்கேதான் தொடங்குகிறது.

சிவப்பு விளக்கு

கடையை ஒட்டிய வீட்டின் பக்கச் சுவரில் 15 ஆம்பியர் பிளக் ஒன்று போட்டு, காரோடு கொடுத்த கையடக்க சார்ஜரை அதில் செருகி, இரவு பத்தரை மணிக்கு மேல் போட்டுவிடுவோம். காலையில் நிரம்பியிருக்கும். எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை.

2024 ஆம் ஆண்டு அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம், சார்ஜர் பெட்டியில் பச்சைக்குப் பதில் சிவப்பு விளக்கு எரிந்தது. கழற்றி மாட்டினால் ஐந்து நிமிடம் ஏறும், மறுபடி சிவப்பு. காரின் திரையில் சார்ஜிங் கோளாறு என்று வந்தது. கார் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினோம். மறுநாள் சாலவாக்கம் லைன் போக முடியவில்லை. வசூல் நின்றது. கடையில் வந்தவர்களும் சும்மா இருப்பார்களா? "பேட்டரி போயிருக்கும், மாற்றினால் பாதி கார் விலை" என்றார் ஒருவர். "அப்போதே சொன்னேனே" என்றார் இன்னொருவர்.

உண்மையில் காரில் ஒரு பழுதும் இல்லை. அது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தச் சார்ஜர் பெட்டி வெறும் வயர் அல்ல. அது ஒரு வாயிற்காவலன். பிளக்கில் செருகியதும் எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். பிறகு காரோடு 12 வோல்ட் அளவுள்ள சிறு சமிக்ஞையில் பேசும். துப்பாக்கி போன்ற அந்தச் செருகி, நாம் 'கன்' என்கிறோமே, அது முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் முடிவாகும். எல்லாம் சரி என்றால்தான் 230 வோல்ட்டைக் காருக்குத் திறந்துவிடும். ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தாலும் கதவைச் சாத்திவிடும். சிவப்பு விளக்கு என்பது கெட்டுப்போன அறிகுறி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அது காவல் காத்ததற்கான அறிகுறி.

எங்கள் வீட்டு எர்த் குழி தோண்டி முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அதில் யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. குழாய் துருப்பிடித்து, உப்பு கரைந்து, கோடையில் மண் காய்ந்து, எர்த் என்பது பெயருக்கு மட்டும் இருந்தது. விளக்கும் மின்விசிறியும் எர்த் இல்லாமலே ஓடும் என்பதால் இத்தனை ஆண்டாக எங்களுக்குத் தெரியவில்லை. கார் சார்ஜர் கண்டுபிடித்துவிட்டது.

முந்நூறு ரூபாய் வேலை

அவசரத்துக்கு வந்த வயர்மேன் ஒருவர் பிளக்கைத் திறந்து பார்த்தார். "எர்த் வரவில்லை முதலாளி. புதுக் குழி எடுத்தால் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். எர்த் வயரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்குக் கொடுத்துவிட்டால் சார்ஜருக்கு வித்தியாசம் தெரியாது. ஏறிவிடும்" என்றார்.

"ஆபத்து ஒன்றும் இல்லையே?" என்று கேட்டோம். "ஊரெல்லாம் இப்படித்தான் ஓடுகிறது" என்றார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. எங்களுக்கும் சந்தோஷம்.

இங்கே வயர்மேனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாதம் எட்டாயிரம் மிச்சம் என்று கணக்கு எழுதி வைத்திருந்தவர்கள் நாங்கள். ஒன்றரை மாத மிச்சத்தை ஒரே ஒரு முறை செலவழிக்க மனம் வரவில்லை. தராசு முள் ஒரு பக்கம் சாய்ந்தால் தட்டைச் சரி செய்ய வேண்டும். நாங்கள் முள்ளை வளைத்து நேராக்கினோம். எங்கள் கடையில் ஒரு பையன் எடைக்கல்லில் இப்படிச் செய்திருந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருப்போம்.

தீபாவளிக்கு முந்தைய மழை

அந்த ஏற்பாடு ஐந்து மாதம் ஓடியது. 2024 தீபாவளி அக்டோபர் 31. அதற்குப் பத்து நாள் முன்பு, இரவெல்லாம் மழையும் காற்றும். எண்ணெய் டின், மைதா, சர்க்கரை, கடலை மாவு என்று ஆர்டர் குவிந்திருந்த நேரம். விடியற்காலை எழுந்தால் வீட்டில் விளக்கு எரியவில்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தோம். எதிர்க் கடையில் டியூப் லைட் எரிந்ததைப் பார்த்தும் மனதில் படவில்லை.

மூட்டை இறக்க வந்திருந்த தம்பியிடம், "கரண்ட் இல்லை, கன்னைக் கழற்றிவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்தப்பா" என்றோம். அவர் செருப்பில்லாமல் ஈரத் தரையில் நடந்துபோய், ஒரு கையைக் காரின் கதவில் வைத்து, மறு கையால் கன்னைப் பிடித்தார். அடுத்த நொடி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், உடம்பு விறைத்து, கதவை விட முடியாமல் நிற்கிறார். எங்கள் கணக்கப்பிள்ளை அவரைத் தொடப் போகாமல், உள்ளே ஓடி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். தம்பி சரிந்து விழுந்தார். கணக்கப்பிள்ளை மட்டும் தவறி அவரைப் பிடித்து இழுக்கப் போயிருந்தால் இரண்டு பேராகியிருக்கும்.

மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கையில் காயம், தோளில் வலி. உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவர் மனைவியின் முகத்தை எங்களால் நிமிர்ந்து பார்க்க முடிந்தது. கைக்குழந்தையோடு வந்திருந்தார். "என்ன ஆச்சுங்க ஐயா?" என்று கேட்டார். கரண்ட் அடித்துவிட்டது என்றோம். ஏன் அடித்தது என்பதை அன்று சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போய், எங்கள் தவறுதான் என்று இருவரிடமும் சொன்னோம். சம்பளத்தையும் செலவையும் கொடுத்தோம் என்பதை இங்கே எழுதுவதில் பெருமை ஒன்றும் இல்லை.

கரண்ட் இல்லாத வீட்டில் எப்படி அடித்தது?

அன்று லைன்மேன் வந்து டெஸ்டரைப் பிளக்கில் வைத்தார். வழக்கமாக ஒரு ஓட்டையில்தான் எரியும். அன்று இரண்டு ஓட்டையிலும் எரிந்தது. மேலே உள்ள எர்த் ஓட்டையில் வைத்தார். அங்கேயும் எரிந்தது.

அவர் சொன்ன விளக்கம் இது. காற்றில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் வயர் மட்டும் விட்டுப் போயிருந்தது. ஃபேஸ் வயர் உயிரோடு இருந்தது. நியூட்ரல் இல்லாமல் விளக்கு எரியாது. ஆனால் சுவிட்ச் போட்டபடியே இருந்த மின்விசிறி, பிரிட்ஜ் வழியாக ஃபேஸ் கரண்ட் போய், போக வழியில்லாமல் வீட்டு நியூட்ரல் வயர் முழுவதும் ஏறி நின்றது. எங்கள் பிளக்கில் நியூட்ரலும் எர்த்தும் துண்டு வயரால் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. எர்த் பின் காரின் உடம்போடு இணைந்தது. ஆக, கார் முழுவதும் கரண்ட். கார் நிற்பது ரப்பர் சக்கரத்தில் என்பதால் அந்தக் கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற மனிதன்தான் அதற்குக் கிடைத்த வழி.

உண்மையான எர்த் இருந்து, அந்தத் துண்டு வயர் இல்லாமல் இருந்திருந்தால், நியூட்ரல் அறுந்த அன்று காருக்கு சார்ஜ் ஏறாமல் இருந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

சரியான வேலை என்ன?

தீபாவளி முடிந்ததும், லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்தக்காரரை வைத்து வேலையை முறையாகச் செய்தோம். எர்த் டெஸ்டர் என்ற கருவியால் முதலில் பழைய குழியை அளந்தார். அறுபது ஓமுக்கு மேல் காட்டியது. ஐந்து ஓமுக்குள் இருப்பது நல்லது என்றார். பத்தடி இடைவெளியில் இரண்டு குழி எடுத்து, எட்டடி ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, இரண்டையும் இணைத்தார். அளந்தபோது மூன்றரை ஓமுக்கு இறங்கியது. அந்த உப்பு எங்கள் கடையின் கல்லுப்புதான். மூட்டை மூட்டையாக உப்பு விற்கிற கடையின் எர்த் குழியில் முப்பது ஆண்டாக உப்பு இல்லை.

மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்தோம். அதற்குத் தனி எம்.சி.பி. ஒன்று, ஆர்.சி.சி.பி. ஒன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்மில் பலர் அறியவில்லை. எம்.சி.பி. என்பது வயரைக் காப்பாற்றுவது. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும். மனிதனைக் கரண்ட் பிடித்தால் அதற்குத் தெரியாது, ஏனென்றால் மனிதனைக் கொல்ல 16 ஆம்பியர் தேவையில்லை. ஆர்.சி.சி.பி. மனிதனைக் காப்பது. நல்ல கணக்கப்பிள்ளை போல, போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், எங்கேயோ ஒழுகுகிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய் ஆயிற்று. அன்றிலிருந்து இன்று வரை சிவப்பு விளக்கு எர்த்துக்காக எரிந்ததில்லை.

மற்ற கோளாறுகளும் நாங்கள் கண்ட வழிகளும்

எர்த் தவிர வேறு காரணங்களாலும் சார்ஜ் நிற்கும். எங்கள் அனுபவத்தில் பட்டவற்றை வரிசையாகத் தருகிறோம்.

1. பிளக் சூடாவது. மிக்சி பத்து நிமிடம் ஓடும், மோட்டார் அரை மணி ஓடும். கார் 13 ஆம்பியர் வரை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பிளக் உருகும். சார்ஜ் ஏறி அரை மணி கழித்துப் பிளக் மேல் கை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே நிறுத்தி, மெயினை அணைத்து, பிளக்கை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் காரை ஒருபோதும் போடக் கூடாது.

2. மாலை நேர லோ வோல்டேஜ். மாலை ஆறிலிருந்து பத்து வரை ஊரே விளக்குப் போடும் நேரம். வோல்டேஜ் இறங்கினால் சார்ஜர் நின்றுவிடும். இரவு பதினொன்றுக்கு மேல் போட்டால் நிற்காமல் ஏறுகிறது. எப்போதும் குறைவாகவே இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கார் வாங்கிய பிறகு நம் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா, கடை இணைப்பா வீட்டு இணைப்பா என்பதையும் அங்கேயே கேட்டுச் சரி செய்துகொள்வது பின்னால் வரும் அபராதத்தைத் தவிர்க்கும்.

3. எலி. மளிகைக் கிடங்கு உள்ள இடத்தில் எலி இல்லாமல் இராது. காரைக் கிடங்கு வாசலில் நிறுத்தி, மாதம் ஒரு வயர் கடித்துவைத்தது. இப்போது சரக்கிலிருந்து தள்ளி நிறுத்துகிறோம். சார்ஜர் வயரைத் தரையில் போடாமல் சுவரில் மாட்டுகிறோம். ஆரஞ்சு நிறத்தில் தெரியும் வயர்கள் உயர் அழுத்த வயர்கள். அவற்றை எலி கடித்திருந்தால் நம் மெக்கானிக் உட்பட யாரும் தொடக் கூடாது, கம்பெனி ஆட்கள்தான் பார்க்க வேண்டும்.

4. குளவிக் கூடு. பத்து நாள் வெளியூர் போய் வந்து பிளக் செருகினால் உள்ளே போகவில்லை. ஓட்டைக்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தது. மூடியுள்ள பிளக் பெட்டி வாங்கிப் போட்டோம். கன் உள்ளே சரியாக உட்காரவில்லை என்றால் தூசியோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். குச்சி, ஊசி, ஈரத் துணி எதையும் உள்ளே விடாதீர்கள்.

5. சிறிய பேட்டரி. மின்சாரக் காரிலும் பெட்ரோல் காரில் இருப்பதுபோல ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கண் திறக்காது, சார்ஜும் ஏறாது. பெரிய பேட்டரி போய்விட்டது என்று யாராவது சொன்னால், முதலில் இந்தச் சின்னதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. நாமே வைத்த நேரம். பேரன் திரையில் எதையோ தொட்டு, இரவு ஒரு மணிக்கு மேல்தான் ஏற வேண்டும் என்று வைத்துவிட்டான். இரண்டு நாள் பழுது என்று அலைந்தோம். சார்ஜ் ஏறவில்லை என்றால் நேரம் குறித்திருக்கிறதா, இத்தனை சதவீதத்தோடு நில் என்று வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

7. ஜெனரேட்டர். கடை ஜெனரேட்டரில் போட்டால் எர்த் கோளாறு என்று காட்டும். சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது என்பதே காரணம். அதற்காக மறுபடி துண்டு வயர் போட நினைக்காதீர்கள். கரண்ட் வரும் வரை பொறுங்கள்.

8. நெடுஞ்சாலை வேக சார்ஜர். சென்னைக்குக் கொள்முதலுக்குப் போகும் வழியில் இதைப் பயன்படுத்துகிறோம். ஏறவில்லை என்றால் அங்குள்ள சிவப்பு அவசரப் பட்டனை யாராவது அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அங்குள்ள ஆளைக் கூப்பிட்டு விடுவிக்கச் சொல்லுங்கள். கன் கழலவில்லை என்றால் பிடித்து இழுக்க வேண்டாம். காரைப் பூட்டித் திறந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஒரு சார்ஜரை நம்பிப் பத்து சதவீதத்தில் போய் நிற்காதீர்கள். அடுத்த இடத்துக்குப் போகும் அளவு கையிருப்பு எப்போதும் இருக்கட்டும். கல்லாவைத் துடைத்துவிட்டுச் சந்தைக்குப் போகும் வியாபாரி உண்டா?

கார் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்

"எங்களிடம் மின்சாரக் கார் இல்லையே" என்று நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கு வீடு சரக்கு கொடுக்க மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறீர்கள். கடையில் ஐஸ்கிரீம் பிரீசர் இருக்கிறது. பால் பாக்கெட் பிரிட்ஜ் இருக்கிறது. மாவு மில் மோட்டார் இருக்கிறது. இவற்றில் எதற்கும் எர்த் இல்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு கிடையாது. பிரீசரைத் திறக்கும்போது லேசாகச் சுள்ளென்று இழுக்கிறது என்றால், "ஈரக்கை அண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பிரீசரைத் திறப்பது நம் வாடிக்கையாளரின் குழந்தையாகவும் இருக்கலாம்.

ஆகவே உறுப்பினர்களை மூன்று காரியங்கள் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, உங்கள் கடை எர்த்தை ஒரு முறை கருவி வைத்து அளந்து பாருங்கள். கோடையில் அளப்பது நல்லது, அப்போதுதான் உண்மை தெரியும். வாரம் ஒரு குடம் தண்ணீர் குழியில் ஊற்றுங்கள். இரண்டாவது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத கடையில் அதைப் போடுங்கள். மூன்றாவது, எந்தப் பிளக்கிலாவது நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் கட்டியிருந்தால் இன்றே மெயினை அணைத்து, தெரிந்தவரை வைத்து எடுத்துவிடுங்கள். எடுத்தால் சார்ஜ் ஏறாது என்றால், ஏறாமல் இருப்பதே மேல்.

கிளைச் சங்கங்கள் ஒரு யோசனையைக் கவனிக்கலாம். ஒரு தெருவில் இருபது கடைகள் சேர்ந்து ஒரே நாளில் ஒப்பந்தக்காரரை அழைத்தால், அளந்து பார்க்கும் செலவு ஆளுக்குச் சொற்பமாகவே வரும். எடைக்கல்லுக்கு முத்திரை வைக்க முகாம் நடத்துவதைப் போல இதையும் நடத்தலாம். எங்கள் ஊர்க் கடைகளுக்கு இந்தப் பங்குனியில் செய்ய ஏற்பாடு நடக்கிறது.

மின்சாரக் கார் நல்ல வண்டிதான். இன்றும் எங்கள் லைன் அதில்தான் போகிறது. மாதக் கணக்கில் அந்த எட்டாயிரம் மிச்சமும் தவறாமல் வருகிறது. காரின் மேல் எங்களுக்குக் குறையே இல்லை. அது சரியாகத்தான் சொன்னது, நாங்கள்தான் கேட்கவில்லை.

அந்தத் தம்பி தை மாதம் வேலைக்குத் திரும்பினார். இப்போது காலையில் கன்னைக் கழற்றுவது அவர் வேலை அல்ல, எங்கள் வேலை. ஆனாலும் நாங்கள் அந்தப் பக்கம் போனால் அவர் கூடவே வந்து, டெஸ்டரை எர்த் ஓட்டையில் வைத்து, எரியவில்லை என்று பார்த்த பிறகு, "தொடுங்க ஐயா" என்கிறார். அவர் சொன்ன பிறகுதான் தொடுகிறோம்.

வணிகம் வளர்க! வணிகர் நலம் ஓங்குக!